சந்தா கட்டியவர்களுக்குத் திரை இல்லை

ஹல்துமுல்லைத் தேயிலைத் தோட்டங்களில் மூத்தவர்களிடம் படம் பார்த்த கதையைக் கேட்டுப் பாருங்கள். நடந்த நடையிலிருந்துதான் தொடங்குவார்கள். சம்பளம் கிடைத்த ஞாயிறு வெள்ளென எழும்பி, சமைத்து வைத்துவிட்டு, குறுக்குப் பாதையில் மெயின் ரோட்டுக்கு இறங்கி, பெரகலை வழியாகப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறுவார்கள். எம்.ஜி.ஆர். படமென்றால் வேலை நாளிலும் அன்றைய சம்பளப் பேரை விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. அவர் கண்டியில் பிறந்தவர் என்ற உரிமையும் அதில் இருந்தது.

இத்தனை ஆசையோடு டிக்கட் வாங்கிய மக்களுக்குச் சொந்தமாக ஒரு படக்கொட்டகை இருந்ததில்லை. வறுமைதான் காரணம் என்றால் நான் ஏற்க மாட்டேன். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் ஏழைகள்தான். கூலியில் பென்னி பென்னியாகப் பிடித்துக் கொடுத்து வாசிகசாலையும் மண்டபமும் கட்டினார்கள். அங்கே படமும் ஓடியது. பிரின்அமன் என்ற சிற்றூரில் 1926இல் திறந்த மண்டபத்தில் இன்றும் ஊர்த் தொண்டர்கள் படம் காட்டுகிறார்கள். நம்மவரின் சம்பளக் கணக்கான செக்ரோலிலும் சங்கச் சந்தா, கோயில் காசு என்று பிடித்தார்கள். கோயில் எழும்பியது, மண்டபம் எழும்பவில்லை. காணியும் கம்பனிக்கு, லயமும் கம்பனிக்கு. 1948இல் குடியுரிமையும் பறிபோனது. காலூன்ற ஒரு சாண் நிலமில்லாதவன் எங்கே மண்டபம் கட்டுவான்?

நம் வாழ்க்கை திரைக்கு வந்ததும் அபூர்வமாகத்தான். 1963இல் 'தோட்டக்காரி'. 1975இல் தொழிற்சங்கவாதி வி.பி. கணேசன் எடுத்து நடித்த 'புதிய காற்று'. அதன் எழுத்தில் பங்கெடுத்தவர் பதுளை மண்ணின் தெளிவத்தை ஜோசப். பிறகு 1983 ஜூலை இனக்கலவரத்தில் பதுளைக் கடைகள் எரிந்தன, ஹெந்தளை விஜயா ஸ்டூடியோவும் படச்சுருள்களோடு எரிந்தது. டவுனுக்குப் போகவே பயந்த காலம் அது.

அப்போது கைகொடுத்தது வீடியோ டெக். வீட்டுக்கு இவ்வளவு என்று காசு சேர்த்து, டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, கரண்ட் இல்லாத லயத்தில் ஜெனரேட்டர் வைத்து, விடிய விடிய மூன்று படம். பனிக்குக் கம்பளி போர்த்திய பிள்ளைகள், சண்டைக் காட்சி வந்தால் எழுப்பச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடும். நம் மக்கள் தாமே காசு போட்டு நடத்திய முதல் தியேட்டர் அந்த லயத்து வாசல்தான் என்பேன்.

இதையெல்லாம் யாரும் எழுதி வைக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மண்சரிவில் மீரியபெத்தைத் தோட்டத்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது இப்படி எத்தனை ஞாபகங்கள் சேர்ந்து போயினவோ! உங்கள் வீட்டில் அப்பாயியோ அம்மாயியோ இருந்தால் இன்றைக்கே பக்கத்தில் உட்காருங்கள். முதலில் பார்த்த படம் எது, யாரோடு போனார், டிக்கட் எவ்வளவு என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.