சிலை இருக்கிறது, ரயிலும் இருக்கட்டும்

ஹகி நிலையத்தில் டீசல் ரயில் வந்து நிற்கிறது. டிக்கெட் கவுன்டரில் ஆள் இல்லை; ஸ்டேஷன் மாஸ்டரும் இல்லை. ஏறுகிறவர் பின்கதவருகே உள்ள சிறு இயந்திரத்திலிருந்து எண் அச்சிட்ட துண்டுச் சீட்டை இழுத்துக்கொள்கிறார். இறங்கும் ஊர் வந்ததும் ஓட்டுநருக்கு மேலுள்ள பலகையில் அந்த எண்ணுக்குரிய கட்டணத்தைப் பார்த்து, சீட்டோடு சில்லறையையும் பெட்டியில் போட்டுவிட்டு முன்கதவால் இறங்குகிறார்.

ஜப்பானின் ரயில் நிலையங்களில் ஏறத்தாழ பாதி இப்படி ஆளில்லாதவைதான். ஆனால் ஹகியின் கதை வேறு.

யமகுச்சி மாகாணத்தின் இந்தக் கடலோரக் கோட்டை நகரில் பிறந்தவர் இனோவே மசாரு. வெளிநாடு போனால் மரண தண்டனை என்றிருந்த 1863இல், நான்கு தோழர்களுடன் ரகசியமாகக் கப்பலேறி லண்டனில் படித்தார். ஊர் திரும்பியவர் ரயில்வேயின் பொறுப்பை ஏற்றார். 1872இல் ஷிம்பாஷிக்கும் யோகஹாமாவுக்கும் இடையே நாட்டின் முதல் ரயில்பாதை திறக்கப்பட்டது. ஜப்பானிய ரயில்வேயின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். டோக்கியோ நிலையத்தின் முன்னால் ஜனவெள்ளத்துக்கு நடுவே அவருக்குச் சிலை இருக்கிறது. 2016இல் ஹகி நிலையத்தின் முன்னாலும் ஒன்று வைத்தார்கள்.

நிலையக் கட்டடம் 1925இல் மேற்கத்திய பாணியில் எழுந்தது. 1996இல் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவானது. ஊழியர்கள் போன பிறகும் நகராட்சி அதைப் பூட்டிவைக்கவில்லை. காட்சிக்கூடமாக்கி, இனோவேயின் வாழ்க்கையையும் அங்கே சொல்கிறது. பாராட்ட வேண்டிய வேலை இது.

ஆனால் பாதி வேலைதான். ஹகி வழியே செல்லும் மசுதா–நகாதோ பகுதியை, பயணிகள் குறைந்து நஷ்டத்தில் ஓடும் பாதைகளின் பட்டியலில் சேர்த்து 2022இல் மேற்கு ஜப்பான் ரயில்வே வெளியிட்டது. வரவு செலவு மட்டும் பார்த்தால் நிறுவனத்தின் கவலை நியாயமானதே. என்றாலும் பள்ளிப் பிள்ளைக்கும் கார் ஓட்ட முடியாத முதியவருக்கும் அந்த ரயில் லாபக் கணக்கில் அடங்காத தேவை.

வழி இல்லாமல் இல்லை. 2011 வெள்ளத்தில் சிதைந்த தாதாமி பாதையின் ஒரு பகுதியை ஃபுகுஷிமா மாகாண அரசு தன் உடைமையாக்கிக்கொண்டது. தண்டவாளம் அரசுடையது, ரயில் ஓட்டுவது அங்குள்ள ரயில்வே நிறுவனம். 2022 அக்டோபரில் அங்கே மீண்டும் ரயில் ஓடியது. யமகுச்சியும் வெள்ளம் வரும்வரை காத்திராமல், ரயில் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பேச்சைத் தொடங்க வேண்டும்.