குழந்தைகளைக் காத்தவர் மீது கொடும் பழி

2014 மே 1. உலகமெங்கும் தொழிலாளர்கள் ஊர்வலம் சென்ற அன்று, எகிப்தின் தலைநகரான கெய்ரோவில் ஒரு சிறிய ஸ்தாபனத்தின் அலுவலகத்துக்குள் போலீஸார் புகுந்தனர். கையில் சோதனை வாரண்டு கிடையாது. அங்கு பணியாற்றிய அயா ஹிஜாஸி என்ற இளம் பெண்ணையும், அவருடைய கணவர் முகம்மது ஹஸ்ஸனைனையும், உடனிருந்த ஊழியர்களையும் கைது செய்தனர். அடைக்கலம் பெற்றிருந்த குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு போயினர்.

அந்த ஸ்தாபனத்தின் பெயர் பெலாதி. "என் தேசம்" என்று பொருள். அமெரிக்காவில் பட்டம் பெற்ற அயா, 2011-ல் எகிப்திய மக்கள் முபாரக்கின் சர்வாதிகாரத்தை வீழ்த்திய பிறகு, புதிய எகிப்தில் தமக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று நம்பித் திரும்பியவர். கணவனும் மனைவியுமாகத் தொடங்கிய வேலை என்ன? கெய்ரோவின் நடைபாதையில் படுத்துறங்கும் அநாதைக் குழந்தைகளுக்குச் சோறும் படுக்க இடமும் தருவது; எழுத்துச் சொல்லிக் கொடுப்பது.

இதற்கு அவர்கள் மீது சுமத்தப்பட்ட குற்றங்களைப் பாருங்கள்! ஆட்கடத்தல், சித்திரவதை, குழந்தைகளைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியது; போதாக்குறைக்கு, அவர்களை அரசியல் ஆர்ப்பாட்டங்களுக்கு அழைத்துச் சென்றதாகவும் ஒரு பழி.

இந்தப் பழி தற்செயலாகப் பொறுக்கி எடுத்ததல்ல என்பதே நம் கருத்து. ராஜத்துரோகம் என்று சொன்னால் ஜனங்களில் பாதிப் பேராவது அனுதாபப்படுவார்கள். குழந்தையைக் கெடுத்தவள் என்று சொல்லிவிட்டாலோ, அண்டை வீட்டுக்காரரும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவளுக்காகப் பேச ஒரு நாவும் எழாது.

இப்படிப்பட்ட புகாரை விசாரிக்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. காப்பகம் என்ற பெயரில் கொடுமை நடப்பதும் உண்டு. புகார் வந்தால் துருவி ஆராயத்தான் வேண்டும். ஆனால் ஆராய்ந்தார்களா? குழந்தைகளைப் பரிசோதித்த மருத்துவ அறிக்கை இந்தக் குற்றச்சாட்டுக்கு வலுச் சேர்க்கவில்லை. வழக்கோ வாய்தாவுக்கு மேல் வாய்தாவாகத் தள்ளிப்போயிற்று. சாட்சியங்களைப் பார்க்க வைத்த கம்ப்யூட்டர் இயங்கவில்லை என்று கூட ஒரு தடவை விசாரணை ஒத்திவைக்கப்பட்டது. விசாரணைக் கைதியை எவ்வளவு பெரிய குற்றமானாலும் இரண்டு வருஷத்துக்கு மேல் அடைத்து வைக்கக் கூடாது என்று எகிப்தின் சொந்தச் சட்டமே அப்போது கூறியது. அயா சிறையில் கிடந்தது ஏறக்குறைய மூன்று வருஷம்!

2017 ஏப்ரல் 16-ந் தேதி கெய்ரோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அயாவும் அவருடைய கணவரும் மற்ற ஆறு பேரும் குற்றவாளிகள் அல்லர். எட்டுப் பேருக்கும் விடுதலை.

இந்த விடுதலைக்குப் பின்னாலும் ஒரு கதை இருக்கிறது. அந்த மாதம் 3-ந் தேதி ஜனாதிபதி சிசி வாஷிங்டனில் டிரம்பின் விருந்தாளி. தீர்ப்பு வந்த நாலாம் நாள் அயா அமெரிக்க சர்க்காரின் விமானத்தில் ஏறினார். மறுநாள் டிரம்பின் பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுக்கப்பட்டது. அவர் விடுதலையானதில் நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் சிசியின் ஆட்சியை வாயாரப் புகழ்ந்த அதே டிரம்ப் ஒரு கைதியை மீட்ட வள்ளலாகக் காட்சி தந்ததை நம்மால் ஜீரணிக்க முடியவில்லை. அமெரிக்கப் பிரஜையாகவும் இருந்ததால் அயாவுக்காகப் பேச ஒரு வல்லரசு இருந்தது. அந்நிய நாட்டுப் பாஸ்போர்ட் இல்லாமல் எகிப்தியச் சிறைகளில் வாடும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு எந்த ஜனாதிபதி விமானம் அனுப்புவார்?

முடிந்துபோன வழக்கை ஏன் கிளற வேண்டும் என்று சிலர் கேட்கலாம். பழி ஊரறியப் பரவிய வேகத்தில் விடுதலைச் செய்தி பரவுவதில்லை, அதனால்தான் கிளறுகிறோம். அயா ஹிஜாஸி நிரபராதி. அவருடன் கூண்டில் நின்ற ஏழு பேரும் நிரபராதிகள். கைதான அன்று அவர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தைகளுக்கு யார் ஈடு செய்வது?

எகிப்திய ஆட்சியாளர்கள் இதிலிருந்து பாடம் கற்றார்களா என்றால், தீர்ப்பு வந்த அடுத்த மாதமே, 2017 மேயில், தொண்டு ஸ்தாபனங்களின் கழுத்தை நெரிக்கும் புதுச் சட்டத்தில் சிசி கையெழுத்திட்டார். அதை மீறினால் ஐந்து வருஷம் வரை சிறை. நாலாபுறமிருந்தும் கண்டனம் எழுந்த பின், 2019-ல் வேறு சட்டம் கொண்டுவந்தார்கள். சிறைத் தண்டனை போயிற்று. அபராதமும் சர்க்காரின் பிடியும் போகவில்லை.