பெட்டி எதற்கு?

தானே பலகை அறுத்து, தானே பசை தடவி, தன் காரின் டிக்கிக்குள் ஒரு சப்-வூஃபர் பெட்டி செய்து பொருத்திக்கொள்கிற இளைஞனைக் கண்டால் நம் கனவான்களுக்கு இளப்பம். "வேலையற்றவன் வேலை" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள். நான் அவன் பக்கம் நின்று வாதாடவே இந்தக் கட்டுரையைத் தொடங்குகிறேன். முடிக்கும்போதும் அவன் பக்கமே நிற்பேனா என்பது அவனைப் பொறுத்த விஷயம்.

முதலில் கனவான்களுக்கு ஒரு வார்த்தை. சுவரில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் ஆள் தேடுகிற வர்க்கம் நம்முடையது. கைவேலையைக் கேவலம் என்று எண்ணி எண்ணியே கைகளைச் சும்மா தொங்கவிட்டுவிட்டோம். கோட்டக்குப்பத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துப் பட்டறை ஒன்றில், இப்படியொரு பெட்டி உருவாவதை இரண்டு மாலைப் பொழுதுகள் நின்று பார்த்தேன். செய்தவன் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன். ஆனால் அவன் வாயிலிருந்து வந்த பௌதிகம், கல்லூரியில் பலர் உருப்போட்டு மறந்துபோன பௌதிகம்!

வூஃபரின் கூம்பு முன்னால் தள்ளும்போது முன்புறக் காற்று நெருக்கப்படுகிறது. அதே கணத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. இந்த இரண்டு அலைகளும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். பெட்டியில்லாத வெறும் வூஃபரில் கனத்த நாதம் காணாமற்போவது இதனால்தான். பின்னால் பிறக்கும் அலையைச் சிறை வைக்க வேண்டும், அதற்குத்தான் பெட்டி. 1954-இல் எட்கர் வில்ச்சூர் என்ற அமெரிக்கர், காற்றுப் புகாத சிறிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே கூம்புக்குச் சுருள்வில்லாக்கிக் காட்டினார். பீரோ அளவு பெட்டி கேட்ட நாதம் புத்தக அலமாரித் தட்டில் அடங்கியது.

துளை வைத்த பெட்டி வேறு ரகம். அதற்கு மானாமதுரைக் கடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வித்வான் பானையின் வாயை வயிற்றில் ஒட்டியும் விலக்கியும் நாதத்தை மாற்றுகிறாரல்லவா? பெட்டியின் துளையும் அதே சங்கதிதான். துளையின் அகலம், குழாயின் நீளம், பெட்டியின் கொள்ளளவு மூன்றும் ஒத்துப்போனால் நாதம். போகாவிட்டால் வெறும் உறுமல்.

12 அங்குல வூஃபருக்கு மூடிய பெட்டியானால் ஏறத்தாழ ஒரு கன அடி. துளை வைத்தால் சுமார் இரண்டு. கருவிக்குக் கருவி கணக்கு மாறும். பலகை 18 மில்லிமீட்டர் கனத்துக்குக் குறைந்தால் பெட்டியே சேர்ந்து பாடத் தொடங்கிவிடும். இணைப்புகளில் காற்று கசிகிறதா என்று அந்தப் பையன் ஊதுபத்தியைக் கொளுத்தி மூலை மூலையாகக் காட்டிப் பார்த்தான். புகை சிறிது அசைந்த இடத்தில் மறுபடியும் பசை வைத்தான். பாட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் ஃப்யூஸ் வைத்தான். இல்லாவிட்டால் கம்பி உரசி, கார் தீப்பிடிக்கலாம். விபத்தில் கனத்த பெட்டி பறந்து வந்து பின்சீட்டுக் குழந்தையை மோதக்கூடாதென்று போல்ட் போட்டு இறுக்கினான். இவ்வளவு பொறுப்போடு எத்தனை கனவான்கள் தங்கள் ஆபீசில் ஒரு ஃபைலைப் பார்த்திருக்கிறார்கள்?

வாதம் முடிந்தது. இனி வழக்கு!

கசிவே கூடாதென்று ஊதுபத்தி கொளுத்திப் பார்த்த அதே சாமர்த்தியசாலிகளின் கார்கள்தான் இரவு பதினொரு மணிக்குக் கண்ணாடிகளை இறக்கிவிட்டுக்கொண்டு கோட்டக்குப்பத்தின் வழியாகப் புதுச்சேரியை நோக்கிப் போகின்றன. சனிக்கிழமை இரவில் நின்று பாருங்கள். சாலையை ஒட்டிய வீடுகளின் ஜன்னல்கள் நடுங்குகின்றன. விடியுமுன் கடலுக்குப் போக வேண்டியவன் உள்ளே படுத்திருக்கிறான். ரமலான் மாதமானால், பின்னிரவில் எழுந்து சஹர் சமைக்க வேண்டிய தாய் அப்போதுதான் கண்ணயர்ந்திருப்பாள். பிள்ளை பெற்று மூன்று நாளானவள் இருப்பாள். இவர்களுக்கும் அந்தப் பாட்டுக்கும் என்ன உறவு?

"நல்ல பாட்டுத்தானே போடுகிறேன், ஊரும் கேட்கட்டும்!" என்று பதில் வரும். ஐயா, உம்முடைய பாட்டு ஊருக்குக் கேட்பதே இல்லை! மேல் ஸ்தாயி ஒலிகளைக் கதவும் சுவரும் தடுத்துவிடுகின்றன. 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளமோ எட்டரை மீட்டர். உம்முடைய காரைப்போல் இரண்டு மடங்கு. கண்ணாடிக்கும் ஓட்டுக் கூரைக்கும் அது கட்டுப்படாது. ஆகவே குரலும் வயலினும் உமக்கு; இடி மட்டும் எங்களுக்கு. பாடியவர் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது. சாப்பாட்டை உள்ளே வைத்துக்கொண்டு எச்சில் இலையைத் தெருவில் எறிகிறவனும் இப்படித்தான் தர்மம் பேசுவான்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஒலி மாசு பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு 10 மணி முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று வரம்பு கட்டுகின்றன. ஆனால் அளப்பது எதைக்கொண்டு? 'ஏ' என்ற அளவு முறையைக்கொண்டு. மெல்லிய ஒலிகளில் மனிதக் காது கனத்த நாதத்தை மந்தமாகக் கேட்கிறது என்பதை வைத்து அமைந்த முறை அது. 50 ஹெர்ட்ஸ் ஒலியில் சுமார் 30 டெசிபலைக் கழித்துவிட்டே கணக்குச் சொல்லும். எந்த இடி நம்மை எழுப்புகிறதோ, அந்த இடிக்கு மட்டும் இப்படியொரு தள்ளுபடி! 'சி' என்று இன்னொரு முறை இருக்கிறது. அது இந்த ஒலியில் ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் கழிப்பதில்லை. இரவில் அதைக்கொண்டும் அளக்க வேண்டும் என்று விதியைத் திருத்துவதில் யாருக்கு என்ன நஷ்டம்?

இதைப் படித்துத் தலையாட்டுகிற கனவான்களே, அவசரப்படாதீர்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் உங்கள் கட்சிக் கூட்டத்துக்கும் உங்கள் ஊர்த் திருவிழாவுக்கும் நீங்கள் கட்டுகிற ஒலிபெருக்கிகளுக்குப் பெட்டியும் இல்லை, கதவும் இல்லை. பையன் உங்களிடம்தான் பாடம் படித்தான். உரக்கச் சொன்னவனே பெரிய மனிதன் என்று சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள். அவனைத் திட்டுகிற யோக்கியதை, உங்கள் குழாயைக் கழற்றிய பிறகு வரும்.

தம்பி, கடைசி வார்த்தை உனக்கு. பெட்டி செய், இன்னொன்றும் செய், தொழிலாகவே செய். உன் கையை நான் வணங்குகிறேன். ஆனால் அடைப்பதற்காகச் செய்த பெட்டியைத் தெருவில் திறந்துவிட்டால், நீயே உன் வேலையைப் பழிக்கிறாய். ஊருக்குள் நுழையும்போது கண்ணாடியை ஏற்றினால் மட்டும் போதாது; வூஃபரின் குமிழையும் திருகிக் குறைத்துவிடு. அந்தக் குமிழும் நீ வைத்ததுதானே!