ஆறு மில்லி அத்தர் பாட்டிலுக்குள்ள என்ன இருக்கு?

எனக்கு அத்தர் பிடிக்கும். இதை முதல்லயே சொல்லிடறேன். இல்லைன்னா கீழே இருப்பதைப் படித்துவிட்டு "டாக்டருங்கன்னாலே எதைப் பாத்தாலும் வேணாம்னுதான் சொல்வாங்க" என்று நாலு பேர் கமெண்ட் போடுவீர்கள்.

முத்துப்பேட்டையில் க்ளினிக் வைத்துக்கொண்டு அத்தர் பிடிக்காமல் இருப்பது கஷ்டம். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வெயிட்டிங் ஹாலில் ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு வாசனை. ஜாம்புவானோடை தர்கா கந்தூரி சமயத்தில் கேட்கவே வேண்டாம். சாம்பிராணி, சந்தனம், அத்தர் எல்லாம் கலந்த காற்று சட்டையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வரும். துபாயிலிருந்து லீவில் வருகிறவர்கள் "டாக்டருக்கு" என்று ஒரு சின்ன பாட்டில் கொண்டுவந்து மேஜையில் வைப்பார்கள். என் டிராயரில் இப்போது பதினொரு பாட்டில் இருக்கிறது. எல்லாமே 3, 6, 12 மில்லி.

ஒன்றில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதவில்லை.

எனக்கும் இது ரொம்ப நாள் உறைக்கவில்லை. உறைக்க வைத்தவர் ஒரு அண்ணன். (அடையாளத்தை மாற்றியிருக்கிறேன்.)

வயது நாற்பத்தைந்துக்கு மேல். கழுத்தின் இரண்டு பக்கமும், காதுக்குப் பின்னாலும் சாம்பல் கலந்த கறுப்பு. "சுகர் இருந்தா கழுத்து கறுக்கும்னு யூடியூப்ல சொன்னாங்க டாக்டர், டெஸ்ட் எடுத்தேன், நார்மல்னு வந்திருக்கு" என்றார். யூடியூப் சொன்னது தப்பில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்குக் கழுத்து மடிப்பு வெல்வெட் துணி மாதிரி தடித்துக் கறுக்கும். ஆனால் இவருக்குத் தோல் தடிக்கவே இல்லை. கறுப்பு மட்டும்தான். அதுவும் கழுத்தைச் சுற்றி இல்லை, இரண்டு பக்கமும் திட்டாக. விரலால் தொட்டுப் பார்த்தபோதுதான் பிடிபட்டது, நாம் அத்தர் தொட்டு வைக்கிற அதே இடம்.

"எத்தனை வருஷமாண்ணே அத்தர் பூசறீங்க?"

"விவரம் தெரிஞ்ச நாள்லேர்ந்து. ஆனா டாக்டர், இதுல ஆல்கஹால் கிடையாது. சுத்தமான இயற்கை."

மகளுக்கு நிக்காஹ் வைத்திருந்தார். அந்த வெயிலில் காலர் பட்டனை இறுக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தஞ்சாவூரில் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்டுக்கு அனுப்பினேன். முதுகில் சின்னச் சின்ன வில்லைகளில் சந்தேகப்படும் பொருட்களை வைத்து ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள், 96 மணி நேரத்தில் இன்னொரு முறை. வாசனைப் பொருட்கள் கலவை வைத்த இடம் சிவந்து தடித்திருந்தது. அத்தர் அலர்ஜி. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இந்த அலர்ஜி சில சமயம் அரிப்பே இல்லாமல், சிவக்காமல், நேராகக் கறுப்பாக வந்து உட்கார்ந்துவிடும். அதனால்தான் யாரும் அத்தரைச் சந்தேகப்படுவதில்லை. அழுக்கு என்று தேய்ப்பார்கள், தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். பூசுவதை நிறுத்திய பிறகும் மறைய மாதக்கணக்கில் ஆகும்.

அவர் போன பிறகு டிராயரைத் திறந்து பதினொரு பாட்டிலையும் மேஜையில் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றையும் ஒரு நாள் முழுக்கப் போட்டுப் பார்ப்பது என்று முடிவு. தோலில் இல்லை, கைக்குட்டையில். (டாக்டர் வேலை முடிந்த பிறகு இதுதான் வேலையா என்று வீட்டில் கேட்டார்கள். ஆமா.)

வெட்டிவேர்தான் என் முதல் காதல். இந்தச் சொல்லே நம்மிடமிருந்து பிரெஞ்சுக்காரர்கள் எடுத்துக்கொண்டுபோய் இன்று உலகம் முழுக்க 'வெட்டிவர்' ஆகிவிட்டது. போட்டவுடன் நல்லாவே இருக்காது. ஈரக் கோணி மாதிரி ஒரு நெடி. அரை மணி நேரம் பொறுங்க. அப்புறம் பானைத் தண்ணி, வெயில் காலத்துத் திண்ணை, தாத்தாவின் பனையோலை விசிறி என்று ஒவ்வொன்றாக வரும். ராத்திரி சட்டையைக் கழற்றும்போதும் மிச்சம் இருந்தது.

தாழம்பூவை என்னால் பத்து நிமிஷம் தாங்க முடியவில்லை. நம் ஊர் வாய்க்கால் கரைத் தாழையில் மடல் விரிந்தால் வருவது வேற. அது காற்றோடு வந்து காற்றோடு போகும். இந்த எண்ணெய் நெற்றிப்பொட்டில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றது. ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் இதை ஒரு பெரிய தொழிலாகவே செய்கிறார்கள். ரசிக்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் அதில் இல்லை.

ஜன்னத்துல் ஃபிர்தௌஸ் பற்றி என்ன எழுத? எல்லா அத்தர் கடையிலும் முன்வரிசையில் நிற்கும் பாட்டில். எனக்கு அது வாசனையே இல்லை, ஞாபகம். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பெருநாளைக்கு மறுநாள் இப்படித்தான் மணப்பான்.

மண் அத்தர் பற்றிக் கொஞ்சம் அதிகம் எழுதுகிறேன், மன்னிக்கவும். உத்தரப் பிரதேசத்தில் கன்னோஜ் என்று ஒரு ஊர். சுட்ட களிமண்ணைச் செப்புப் பானையில் தண்ணீரோடு போட்டு, மூடியைச் சுற்றிக் களிமண்ணால் அடைத்து, கீழே விறகு வைத்து எரிப்பார்கள். ஆவி ஒரு மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீரில் மூழ்கியிருக்கும் இன்னொரு செப்புக் குடத்துக்குப் போகும். அந்தக் குடத்தில் சந்தன எண்ணெய் காத்திருக்கும். மண்ணின் வாசனையைச் சந்தனம் பிடித்து வைத்துக்கொள்ளும். ரோஜாவுக்கும் இதே முறைதான், பானையில் மண்ணுக்குப் பதில் இதழ். 1964-இல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இரண்டு பேர் மழை மண் வாசனைக்குப் 'பெட்ரிகோர்' என்று பெயர் வைத்தபோது, இந்தியாவில் இதை ஏற்கெனவே பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்பதையும் சேர்த்தே எழுதினார்கள்.

டெல்டாக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். மேட்டூர் திறந்து, வாய்க்காலில் வந்த முதல் தண்ணி வெடித்துக் கிடக்கும் வயலில் பாயும்போது ஒரு வாசனை எழும் இல்லையா? அதில் பாதி இந்தப் பாட்டிலில் இருக்கிறது. மீதிப் பாதி வயலில்தான் கிடைக்கும். அன்று முழுக்கக் கைக்குட்டையை எடுத்து எடுத்து மோந்துகொண்டிருந்தேன். பேஷண்ட்கள் எனக்குச் சளி என்று நினைத்திருப்பார்கள்.

ஊதுக்கு வருகிறேன். இங்கே என் தப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

ஊது என்பது நம்ம அகில்தான். பட்டினப்பாலையில் பூம்புகார் துறைக்கு வந்த பொருட்களில் சந்தனத்தோடு சேர்த்துச் சொல்லப்படுகிற அதே அகில். ஆரோக்கியமான மரத்தில் இந்த வாசனை கிடையாது. காயம்பட்டு, பூஞ்சை தொற்றி, அதை எதிர்க்க மரம் சுரக்கும் பிசினில்தான் அவ்வளவு மணமும். நோய்க்கு மரம் கொடுக்கும் பதில் என்று ஒரு டாக்டராக எனக்கு அதன் மேல் தனி மரியாதை.

இரண்டு வருஷம் முன்னாடி ஒரு நாள், பரிசாக வந்த ஊதைக் கழுத்தில் தாராளமாகத் தடவிக்கொண்டு க்ளினிக்குக்குப் போனேன். ஆஸ்துமா உள்ள ஒரு அம்மா. ஸ்டெதாஸ்கோப் வைக்கக் குனிந்தேன். இருமல் ஆரம்பித்தது. நிற்கவில்லை. நெபுலைசர் வைக்க வேண்டியதாயிற்று. மூச்சு சீரான பிறகு அவங்க சொன்னது: "தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி, உங்க செண்டு." மருந்து கொடுக்க வேண்டியவனே நோயைக் கொண்டுபோயிருக்கிறேன். அன்றோடு வேலை நேரத்தில் அத்தர் கிடையாது.

சரி, பாட்டிலுக்கு வருவோம்.

ஒரு கிலோ ரோஜா எண்ணெய் எடுக்க மூவாயிரம், நாலாயிரம் கிலோ பூ வேண்டும். பூ மார்க்கெட்டில் கிலோ என்ன விலை என்று உங்களுக்கே தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்க, நூத்தம்பது ரூபாய் பாட்டிலில் ரோஜா எத்தனை சொட்டு இருக்க முடியும்? சந்தன எண்ணெய் விலை எங்கேயோ போன பிறகு, பல அத்தர்களில் அதன் இடத்தில் இருப்பது லிக்விட் பாரஃபினோ, டைஎத்தில் தாலேட் என்ற வாசனையற்ற திரவமோதான். மணம் தருவது பெரும்பாலும் லேபில் செய்த ரசாயனம்.

நான் வழக்கமாக வாங்கும் கடை பாயிடம் நேராகவே கேட்டேன், "பாய், இது சுத்தமான ரோஜாவா?"

சிரித்துவிட்டார். "இந்த விலைக்கா டாக்டர்? கேட்டா சொல்லிடுவேன். யாரும் கேக்கறதில்லை."

எனக்கு அவர் மேல் ஒரு கோபமும் இல்லை. அவருக்கு மொத்த வியாபாரி கொடுக்கும் கேனிலும் ஒன்றும் எழுதியிருக்காது. ரசாயனம் என்றாலே விஷம் என்றும் நான் சொல்ல வரவில்லை. இன்னொரு பக்கமும் இருக்கு, "இயற்கைதானே, ஒண்ணும் பண்ணாது" என்கிறோமே, அதை நம் அலையாத்திக்காட்டில் போய்ச் சொல்லிப் பாருங்கள். லகூனுக்குப் படகில் போகும்போது இரண்டு பக்கமும் நிற்கும் தில்லை மரம் முழுக்க முழுக்க இயற்கை. கிளை ஒடிந்து அதன் பால் கண்ணில் பட்டால் கண் தெரியாமல் போகும், தோலில் பட்டால் கொப்புளம். (பட்டால் உடனே நல்ல தண்ணீரில் நிறைய நேரம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி வாங்க.) வேடிக்கை என்னவென்றால், இந்த மரத்தின் அறிவியல் பெயரில் இருக்கும் 'அகலோக்கா' என்ற சொல், அகிலுக்கான பழைய கிரேக்கப் பெயரிலிருந்து வந்தது.

அசல் அத்தரும் அலர்ஜி தரும். ரோஜா, மல்லி, சந்தனம் எதுவும் விதிவிலக்கில்லை. "பழசாக ஆக அத்தர் மெருகேறும்" என்பார்கள். ஊதுக்கும் சந்தனத்துக்கும் பொருந்தலாம். ஆனால் பல பூ எண்ணெய்களில் இருக்கும் லினலூல் என்ற பொருள், காற்றுப் பட்டுப் பட்டு மாறி, புதுசில் இருந்ததைவிட அதிகமாக அலர்ஜி தரும். ஆல்கஹால் இல்லை என்பது மார்க்கத்துக்காகப் பார்க்கிறவர்களுக்கு நியாயமான காரணம். அலர்ஜிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என் கோரிக்கை இதுதான். நம் நாட்டு அழகுசாதன விதிகளில் உட்பொருட்களை லேபிளில் எழுத வேண்டும் என்று இருக்கிறது. கூடவே ஒரு சலுகையும் இருக்கிறது, 60 மில்லிக்குக் குறைவான திரவப் பாட்டில் என்றால் அந்தப் பட்டியல் தேவையில்லை. அத்தரை யார் 60 மில்லியில் வாங்குகிறார்கள்? கழுவாமல் நாள் முழுக்கத் தோலிலேயே இருக்கும் பொருளுக்கு இந்தச் சலுகை கொடுத்திருக்கக் கூடாது. ஐரோப்பாவில் அலர்ஜி தரும் 26 வாசனைப் பொருட்களின் பெயரை லேபிளில் போட வேண்டும் என்று ரொம்ப வருஷமாகவே சட்டம். 2023-இல் அதை 80-க்கு மேல் ஏற்றிவிட்டார்கள். பாட்டில் சின்னது என்றால் ஒரு துண்டுச் சீட்டில் அடித்து உள்ளே வைக்கட்டும். பேட்ச் டெஸ்ட் செய்து "உங்களுக்கு இன்ன பொருள் ஆகாது" என்று நாங்கள் சீட்டு எழுதிக் கொடுத்து என்ன பிரயோஜனம், கடையில் போய் எதைப் படித்து அந்த அண்ணன் தவிர்ப்பார்?

அதுவரைக்கும், பூசுகிறவர்கள் துணியில் பூசுங்க. கறை படும் என்றால் காலரின் உள்பக்கம், இல்லை கைக்குட்டை. தோலில்தான் வேண்டும் என்கிறவர்கள் புது பாட்டில் வாங்கினால் முழங்கை மடிப்பின் உள்பக்கம், ரூபாய் நாணயம் அளவு இடத்தில், தினம் இரண்டு வேளை, ஒரு வாரம் பத்து நாள் தொடர்ந்து தடவிப் பாருங்க. அரித்தாலோ, சிவந்தாலோ, நிறம் மாறினாலோ அந்தப் பாட்டில் உங்களுக்கு இல்லை. ஷேவ் பண்ண உடனே கன்னத்தில் வேண்டாம். பச்சைக் குழந்தைக்கு எங்கேயுமே வேண்டாம், "ஒரு சொட்டுதானே" என்று கூட. அத்தர் பஞ்சைக் காது மடலில் செருகும் பழக்கம் அழகானதுதான். காது ஓட்டைக்குள் தள்ளிவிட்டு, மூன்று வாரம் கழித்துக் காது கேட்கலை என்று வந்தவர்களிடமிருந்து இதுவரை நாலு பஞ்சு எடுத்திருக்கிறேன்.

ஆஸ்துமாக்காரர் இருக்கும் வீட்டிலும், ஆஸ்பத்திரிக்கு யாரையாவது பார்க்கப் போகும்போதும் எந்த வாசனையும் வேண்டாம்.

அந்த அண்ணன் நிக்காஹ் முடிந்து வந்திருந்தார். கறுப்பு முழுசாகப் போகவில்லை, ஓரங்களில் வெளிற ஆரம்பித்திருக்கிறது. மேல் பட்டன் திறந்திருந்தது. "சட்டையில மட்டும் போடலாமா டாக்டர்?" என்றார். ஒரு முறை உறுதியான அலர்ஜிக்குத் துணியில் இருப்பதும் கழுத்தில் உரசும், அதனால் இப்போதைக்கு வேண்டாம் என்றேன். முகம் வாடிவிட்டது. போகும்போது பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். வீட்டில் இருந்ததிலேயே நல்லதாம்.

இப்போது டிராயரில் பன்னிரண்டு.