ஆண்மைக் குறைவும் விளம்பர வைத்தியமும்

நடுத்தர வயதை அடைந்த ஒருவருக்குச் சோர்வு மேலிட்டால், அவருக்கு ஆண்மை குன்றிவிட்டது என்று சொல்லி மருந்து விற்க ஒரு கூட்டம் காத்திருக்கிறது. முன்பு சுவர்களிலும் பஸ் நிலையங்களிலும் காணப்பட்ட விளம்பரங்கள் இப்போது கைபேசித் திரையிலும் புகுந்துவிட்டன. லேகியத்தின் ஸ்தானத்தை டெஸ்டாஸ்டிரோன் என்னும் ஹார்மோன் ஊசி பிடித்துவருகிறது. இது விஷயமாக வெட்கத்தை ஒதுக்கிவிட்டு உண்மையை ஆராய்வது அவசியமென்று கருதுகிறோம்.

இந்த ஆசை புதிதன்று. 1889-ம் வருஷத்தில் பாரிஸ் நகரில் பிரௌன்-ஸேக்கார் என்ற பிரசித்திபெற்ற சரீர சாஸ்திரி, தமது 72-வது வயதில், மிருகங்களின் விரைகளிலிருந்து எடுத்த சாரத்தை ஊசிமூலம் தமக்கே ஏற்றிக்கொண்டு, இழந்த பலம் மீண்டதாக அறிவித்தார். அந்த நீர்ச் சாரத்தில் ஹார்மோன் அநேகமாக இல்லையென்பது பின்னர் தெளிவாயிற்று. அவர் கண்டது நம்பிக்கையின் பலனேயன்றி மருந்தின் பலனன்று. 1920-களில் வோரனாப் என்ற டாக்டர் தனவந்தர்களுக்குக் குரங்கின் விரைத் துண்டுகளை ஒட்டவைத்தார், அதுவும் பொய்த்தது. 1935-ம் வருஷத்தில்தான் ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் என்பவரின் குழுவினர் அசல் ஹார்மோனைப் பிரித்தெடுத்தனர். அதே வருஷம் பூட்டெனான்ட், ரூஸிக்கா ஆகிய இருவரும் அதை ரசாயன முறையில் தயாரித்தனர். அன்று முதல் மருந்து உண்மையானது; ஆனால் வியாபாரியின் வாக்குறுதி மட்டும் பழையதாகவே இருந்துவருகிறது.

உண்மையான நோய் உண்டு என்பதை மறுக்கவில்லை. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஏவ, விரைகள் இந்த ஹார்மோனைச் சுரக்கின்றன. தசை, எலும்பு, ரத்தம், காம இச்சை யாவற்றுக்கும் அது வேண்டும். பிறவியிலேயே எக்ஸ் குரோமோஸோம் ஒன்று மிகுந்தவர்கள், பொன்னுக்கு வீங்கியால் விரை கெட்டவர்கள், பிட்யூட்டரியில் கட்டி தோன்றியவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு உட்பட்டவர்கள் ஆகியோரில் பலருக்கு அது குன்றிவிடுகிறது. இத்தகையோருக்குத் தக்க பரிசோதனைக்குப் பின் ஹார்மோன் கொடுப்பது, நீரிழிவு உள்ளவருக்கு இன்ஸுலின் கொடுப்பதைப் போன்றதே. வெட்கத்தினால் இவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் வீட்டில் மறைந்து வருந்துகிறார்கள் என்பதுதான் பெரிய துக்கம்.

ஆனால் இத்தகையோர் எத்தனை பேர்? ஐரோப்பாவின் எட்டு நகரங்களில் 40 முதல் 79 வயது வரையுள்ள மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆண்களைப் பரிசோதித்து 2010-ம் வருஷத்தில் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, ஹார்மோன் குறைவும் அதற்குரிய அறிகுறிகளும் சேர்ந்து காணப்பட்டவர்கள் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேரே. சோர்வுக்கும் மனத் தளர்ச்சிக்கும் வேறு காரணங்கள் ஏராளம். பருத்த தேகமும் நீரிழிவும் தூக்கக் கேடும் இந்த ஹார்மோனையே குறைக்கவல்லவை. நமது தேசத்தில் நீரிழிவு உள்ளவர்கள் சுமார் 10 கோடிப் பேர் என்று 2023-ல் வெளியான ஆராய்ச்சி கணக்கிட்டிருக்கிறது. அவர்களில் பலருக்கு முதல் மருந்து தேக எடையைக் குறைப்பதும் நீரிழிவை அடக்குவதுமேயாகும்.

ஹார்மோன் காலையில் உயர்ந்தும் மாலையில் தாழ்ந்தும் இருப்பது இயற்கை. ஆகையால் வெறும் வயிற்றில் காலை வேளையில், இரண்டு தனித்தனி நாட்களில் ரத்தத்தைப் பரிசோதித்து, இரு முறையும் குறைந்திருந்தால்தான் குறைவென்று முடிவுசெய்வது கிரமம். பிற்பகலில் ஒரே முறை எடுத்த அளவைக் காட்டி ஊசி போடுவது வைத்தியமன்று, வியாபாரம்.

தம் பணத்தைச் செலவிட்டுப் பலம் தேடுகிறவரைத் தடுப்பானேன் என்று சிலர் கேட்கலாம். வாங்குகிறவருக்கு உண்மை தெரிந்திருந்தால் இக்கேள்விக்கு நியாயமுண்டு. வெளியிலிருந்து ஹார்மோன் ஏறினால் பிட்யூட்டரி தன் வேலையை நிறுத்திவிடுகிறது. விந்தணு உற்பத்தி குன்றுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் நடத்தி 1990-ல் வெளியிட்ட பரிசோதனையில், வாரந்தோறும் 200 மில்லிகிராம் ஊசி போட்டுக்கொண்ட ஆண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு விந்தில் உயிரணுவே அற்றுப்போயிற்று. அது கர்ப்பத்தடை மருந்தாகப் பயன்படுமா என்று பார்ப்பதற்காகவே நடந்த பரிசோதனை! ஊசியை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு உயிரணு திரும்புகிறது; ஆனால் அதற்குப் பல மாதங்கள் ஆகின்றன. பிள்ளைப் பேற்றை விரும்பும் வாலிபர், உடற்பயிற்சிக் கூடத்தில் யாரோ சொன்னதை நம்பி அதே ஊசியைப் போட்டுக்கொள்வதைக் காட்டிலும் பரிதாபம் வேறென்ன?

முதியோருக்கும் அது அமிர்தமன்று. 65 வயதுக்கு மேற்பட்டோரிடம் நடத்தி 2016-ல் வெளியிட்ட அமெரிக்கப் பரிசோதனைகளில் காம இச்சை ஓரளவு மிகுந்தது. சோர்வு நீங்கியதாகத் தெரியவில்லை. 2023-ல் வெளியான பெரிய பரிசோதனையில், மாரடைப்பும் பக்கவாதமும் மிகவில்லை என்பது ஆறுதலே. ஆயினும் இருதயத் துடிப்பின் ஒழுங்கு கெடுவதும், நுரையீரல் ரத்தக் குழாய் அடைபடுவதும் சற்று அதிகமாகக் காணப்பட்டன. நோயுள்ளவர் டாக்டரின் மேற்பார்வையில் இவற்றை ஏற்கலாம். நோயில்லாதவர் எதற்காக ஏற்கவேண்டும்?

சட்டம் இல்லாமலில்லை. காம சக்தியை வளர்ப்பதாகக் கூறும் மருந்து விளம்பரங்களை 1954-ம் வருஷத்திய சட்டம் தடுத்திருக்கிறது. டாக்டரின் சீட்டில்லாமல் இந்த ஹார்மோனை விற்பதும் குற்றமே. குறைவு சட்டத்தில் இல்லை. அதை நிறைவேற்றுவதில்தான் இருக்கிறது. சர்க்கார் விளம்பரக்காரர்கள்மீது வழக்குத் தொடரவேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிகளில் ஆண்கள் கூச்சமின்றிப் பேசிப் பரிசோதித்துக்கொள்ள வசதி செய்யவேண்டும். பத்திரிகைகளும் இத்தகைய விளம்பரப் பணத்தை மறுக்கவேண்டும். தலையங்கத்தில் நியாயம் பேசிவிட்டுக் கடைசிப் பக்கத்தில் லேகியம் விற்பது அழகன்று.

ஆண்மை குன்றியதென்று ஒருவரை அஞ்சவைத்துப் பணம் பறிப்பவனுக்கு முதலுதவி செய்வது அவருடைய மௌனமே. அம்மௌனம் கலைந்தால் நோயுள்ளவருக்குச் சிகிச்சை கிடைக்கும். நோயில்லாதவருக்கு நிம்மதி கிடைக்கும்.