கடல் விலக்கு எவருக்கு?

2025 மே 29-ஆம் நாள். கோவாக் கரையிலே வந்து அணைந்தது, 56 அடி நீளப் பாய்மரப் படகு. தாரிணி அதன் பெயர். தில்னா, ரூபா எனும் கடற்படைப் பெண் அதிகாரிகள் இருவர், 2024 அக்டோபர் 2-இல் புறப்பட்டு, ஏறத்தாழ 25,000 கடல் மைல் ஓடி, உலகைச் சுற்றி மீண்டனர். ரூபா புதுச்சேரிக்காரர். நாடு பாராட்டிற்று, நாமும் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டுவோரை ஒன்று கேட்கிறோம்: நம் மண்ணின் பெண் பாய்மரம் ஏறிக் கடல் கடந்தது இதுதான் முதன்முறையா?

நீலமலைக்கு வாருங்கள், தோழர்களே! சேரம்பாடியிலும் சேரங்கோட்டிலும் கொளப்பள்ளியிலும் கொழுந்து கிள்ளும் கைகளைக் கேளுங்கள். அவர்தம் முன்னோர், கணவனும் மனைவியுமாய்ப் பாய்மரத் தோணி ஏறியவர்கள். பாராட்டு விழா அவர்களுக்கு நடந்ததில்லை; பெயர்கூட ஏட்டில் இல்லை.

கடல் கடத்தல் பாவம் என்றது தரும சாத்திரம். சாதியினின்று வீழ்த்தும் குற்றங்களிலே அதனை வைத்தார் பௌதாயனர். 1914-இல் கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறவும் குடும்பத்து ஆசாரம் குறுக்கே நின்றது. வடவர் நூல் மட்டுமா? பெண்ணுடன் கடற்பயணம் வழக்கமில்லை எனத் தொல்காப்பியத்துக்கும் உரைகாரர் பொருள் கண்டனர். நம்முடைய நூல் என்பதற்காக நாம் அதனை மூடி மறைக்கப் போவதில்லை.

இந்த விலக்கெல்லாம் எவருக்கு? வயிறு நிறைந்தவருக்கு! பஞ்சம் விரட்டியவனுக்குச் சாத்திரம் ஏது? பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தொண்டியிலும் தேவிபட்டினத்திலும் பாம்பனிலும் தோணிகளில் ஆட்களை அடைத்தான் கங்காணி. காப்பிக் காலத்திலே சென்றோர் பெரும்பாலும் ஆண்கள். தேயிலை வந்தபின் குடும்பம் குடும்பமாகச் சென்றனர். காற்று திரும்பினால் நாள் கணக்கில் நடுக்கடல்; மேலே வெயில், கீழே அலை. மன்னாரில் இறங்கினால் காடு வழியே நூறு மைலுக்கு மேல் நடை, வழிநெடுக வாந்திபேதி. கடந்து வந்த செலவோ, அவர்கள் தலையிலேயே கடன்! துண்டு எனப்பட்ட அந்தக் கடன்சீட்டு முறை 1921 வரை ஒழியவில்லை.

சென்றோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்கள் கடல் ஏறிய அன்று எந்தச் சாத்திரி தடுத்தார்? எந்த மடம் பரிகாரம் விதித்தது? ஏற்கெனவே தீண்டத்தகாதவர் எனத் தள்ளியாயிற்று. இனிக் கடல்நீர் பட்டா தீட்டு ஏறப் போகிறது? மறு கரையிலே காட்டை அழித்தார்கள், மலையைப் பசுமையாக்கினார்கள். பரிசு? 1948-இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் மேசையில் அமர்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு எனப் பங்கு பிரித்தனர். எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இந்திராவும் சிறிமாவோவும் பாதிக்குப் பாதி பிரித்துக் கொண்டனர். ஆடு மாடு பங்கிடுவோரும் ஆட்டைக் கேட்பதில்லை. இவர்களையும் எவரும் கேட்கவில்லை. இணைந்து கடல் கடந்த குடும்பங்களைக் காகிதம் இரண்டாகக் கிழித்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறி இராமேசுவரத்தில் இறங்கியோரிலே ஒரு பகுதியினருக்கு, 1968-இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்கள் நீலகிரியிலே வேலை தந்தன.

வேலை கிடைத்தது, ஊர் கிடைத்ததா? அங்கே "கள்ளத்தோணி" என்றான். இங்கே "சிலோன்காரன்" என்கிறான். 2022-இல், அந்தத் தோட்ட நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பித்தர அரசு முடிவெடுத்தது. காட்டைக் காப்பதற்கு நாம் பகைவரல்லர். ஆனால், ஆயுளெல்லாம் உழைத்தவர் ஓய்வு பெற்ற மறுநாள் எங்கே தலை சாய்ப்பார்? வேலை முடிந்தால் வீடும் முடியும் என்பது கங்காணிச் சட்டம், மக்களாட்சிச் சட்டமாகாது!

இளைஞர்களே! தாரிணிக்குக் கை தட்டுங்கள். தட்டிய கையோடு தோட்டத்து வரிசை வீடுகளுக்குச் செல்லுங்கள். மனு எழுதிக் கொடுங்கள். குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா கேட்டு அவர்களுடன் நில்லுங்கள். கடல் கடந்தவரைச் சாத்திரம் தள்ளி வைத்தது. சமுதாயமும் தள்ளி வைக்குமானால், சாத்திரத்தை எரித்துப் பயனென்ன?