எது தோட்ட வீடு?

லண்டன் நகரின் மிஞ்சிங் லேன் தெருவில் 1930களில் ஒரு பெரிய கட்டடம் எழுந்தது. பெயர் பிளான்டேஷன் ஹவுஸ். தமிழில் சொன்னால் 'தோட்ட வீடு'! தேயிலை, இறப்பர் வியாபாரிகளின் அலுவலகங்கள் அங்கே இருந்தன. தேயிலை ஏலமும் பல ஆண்டுகள் அங்கேதான் நடந்தது. நாம் பறித்த கொழுந்துக்கு நாம் காணாத மண்டபத்தில் விலை பேசினார்கள்.

1998 ஜூன் 29இல் லண்டன் தேயிலை ஏலமே முடிவுக்கு வந்தது. பழைய கட்டடத்தையும் இடித்தார்கள். அந்த இடத்தில் 2004இல் வந்த புதிய கட்டடத்துக்கும் முதலில் பிளான்டேஷன் பிளேஸ் என்றே பெயர் வைத்தார்கள். தேயிலை போன பிறகும் அந்தப் பெயர் அங்கே பல ஆண்டுகள் நிலைத்திருந்தது; முகவரி இன்றும் இருக்கிறது.

இங்கே தேயிலை இருக்கிறது, நாமும் இருக்கிறோம். ஆனால் வெள்ளைக்காரன் காலத்து லயத்தில் வாழும் எம்மில் பலருக்கு வீட்டிலக்கம் இல்லை. கடிதம் தோட்டக் காரியாலயத்துக்குத்தான் வருகிறது. பிள்ளைக்கு வந்த நேர்முகப் பரீட்சைக் கடிதம், பரீட்சை முடிந்த பிறகு கைக்குக் கிடைக்கிறது.

எனவே வீட்டோடு காணி உறுதியும், எமது பெயரில் ஒரு முகவரியும் கேட்கிறோம். இது சலுகை அல்ல, உரிமை. தோழர்களே, அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் கோரிக்கையாக வையுங்கள்.